மயக்க ஊசியும் ஒரு நொதியும்: கோவை ஆய்வு சொல்வது என்ன?

தெலுங்கு பேசும் வணிகச் சமூகமான ஆரிய வைசியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் அவ்வப்போது சுற்றி வரும். "நம்மவர்களுக்கு மயக்க ஊசி ஒத்துக்கொள்ளாது, ஆபரேஷனுக்குப் போனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்" என்பது அதன் சாரம். சிலர் இதைப் புரளி என்று தள்ளிவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய், செய்ய வேண்டிய குடலிறக்க ஆபரேஷனை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். "சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் இப்படித்தான்" என்று வேறு சாதிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போவதும் உண்டு.

மூன்றுமே தவறு. அந்தத் தகவலுக்குப் பின்னால் நடந்தது புரளி இல்லை, ஆய்வு. அதுவும் நம்ம கோவையில் நடந்தது. பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதியும் ஐ. மனோகரனும், ஜெர்மனியின் பால் லேயர், அமெரிக்காவின் ஒக்சானா லாக்ரிட்ஜ் ஆகியோரோடு சேர்ந்து 2006-இல் அதை வெளியிட்டார்கள். ஆய்வு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அந்த ஊசி எது?

ஆபரேஷன் தியேட்டரில் "மயக்க மருந்து" என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே மருந்து இல்லை. தூங்க வைக்க ஒன்று, வலி தெரியாமல் இருக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த ஒன்று என்று தனித்தனியாகப் போடுவார்கள். இங்கே பிரச்சினை மூன்றாவது வகையில், அதிலும் குறிப்பாக இரண்டு மருந்துகளில் மட்டும்தான்: சக்சினைல்கோலின், மிவாக்குரியம். சக்சினைல்கோலினை மருத்துவர்கள் தங்களுக்குள் பெரும்பாலும் "ஸ்கோலின்" என்பார்கள்.

நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக. ஸ்கோலின் அதே உருவத்தில் போய்த் தசையின் வாசலில் உட்கார்ந்துகொள்கிறது. கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் போட்டால் போதும். ஊசி ஏறியதும் இமை, கன்னம், தோள், கால்விரல் என்று தசைகள் சின்னச் சின்னதாகத் துடிக்கும். ஒரு நிமிடத்துக்குள் உடம்பு முழுக்கத் தளர்ந்துவிடும். மூச்சுத் தசைகளும் சேர்ந்து நின்றுவிடும். அந்த இடைவெளியில் மருத்துவர் தொண்டை வழியாகக் குழாயைச் செலுத்தி, பையை அமுக்கிக் காற்று கொடுப்பார். ஐந்து, பத்து நிமிடங்களில் மருந்தின் வேகம் தீர்ந்து, நோயாளி தானாக மூச்சு விடத் தொடங்குவார்.

இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீர்கிறது? இரத்தத்தில் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்று ஒரு நொதி (என்சைம்) ஓடிக்கொண்டிருக்கிறது. ஆய்வகச் சீட்டில் இதையே "சூடோகோலினெஸ்டரேஸ்" என்று எழுதுவார்கள். கல்லீரல் இதைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. ஊசியில் போன மருந்தில் பெரும்பகுதியை, தசையை எட்டும் முன்பே, இந்த நொதி உடைத்துவிடும். தசையை எட்டிய மிச்சமும் இரத்தத்துக்குத் திரும்பி வரும்போது உடைபடும்.

இந்த நொதி இல்லாதவருக்கு அதே அளவு மருந்து போட்டால் இரண்டு விஷயங்கள் நடக்கும். தசையைப் போய்ச் சேரும் மருந்து பல மடங்கு கூடும். போய்ச் சேர்ந்தது உடையாமல் நிற்கும். பத்து நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு, சில மணி நேரம் கழித்துத்தான் திரும்பும். மருத்துவர் பையை அமுக்கிக்கொண்டே இருப்பார், நோயாளியின் நெஞ்சு தானாக அசையாது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஸ்கோலின் தூங்க வைக்கும் மருந்து இல்லை. தூக்க மருந்தின் வேகம் முடிந்து, தசை மட்டும் தளர்ந்தே இருந்தால், நோயாளிக்கு நினைவு இருக்கும், ஆனால் கண்ணைக்கூடத் திறக்க முடியாது. அதனால்தான் மூச்சு திரும்பத் தாமதமாகிறது என்று தெரிந்த உடனேயே தூக்க மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதும், வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருப்பதும் சிகிச்சையாக இருக்கிறது. வென்டிலேட்டரும் கவனிக்க ஆளும் இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டும் இல்லாத இடத்தில் ஆபத்துதான்.

நோயா, இயல்பா?

உடம்பு ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் வேலைகள் அத்தனையையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்கிறோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நொதி வேண்டும், ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு வேண்டும். மரபணு கெட்டால் நொதி கெடும், நொதி கெட்டால் அந்த ஒரு படி நின்றுபோகும். ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கராட், சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியா என்ற கோளாறு குடும்பங்களில் வருவதை வைத்து 1902-லேயே இந்தத் தொடர்பைச் சொல்லிவிட்டார்.

பெரும்பாலான பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறுகள் பிறந்த சில நாள்களிலோ மாதங்களிலோ தெரிந்துவிடும். குழந்தை பால் குடிக்காது, வலிப்பு வரும், வளர்ச்சி தடைபடும். பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் இல்லாதவர் அப்படியில்லை. பள்ளிக்கூடம் போகிறார், கடை நடத்துகிறார், பிள்ளை பெறுகிறார், எண்பது வயது வரை வாழ்கிறார். நரம்பு முனையில் அசிட்டைல்கோலினை உடைப்பது இன்னொரு நொதி, அது இவர்களுக்கு முழுசாக இருக்கிறது. இந்த நொதி இல்லாதவர்கள் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள் என்பதைக் கோவைக் குழுவினர் 2007-இல் தனிக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

ஆக, குறிப்பிட்ட மருந்தைச் சந்திக்கும் வரை இது நோயே இல்லை. மருந்துக்கு உடம்பு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை மரபணு தீர்மானிப்பதை ஆராயும் துறை பிறந்ததே இந்த நொதியை ஒட்டித்தான் என்று சொல்லலாம். ஸ்கோலின் 1950-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. அங்கங்கே சிலருக்கு மூச்சு திரும்பவில்லை. டொராண்டோவில் இருந்த வெர்னர் காலோ, டைபுகெயின் என்ற மருந்து இந்த நொதியை எத்தனை சதவீதம் தடுக்கிறது என்று அளக்கும் முறையை 1957-இல் கொடுத்தார். இயல்பானவருக்கு அந்த எண் 80 வாக்கில் இருக்கும், மாறுபட்ட நொதி உள்ளவருக்கு 20 வாக்கில். ஐரோப்பியர்களிடம் ஸ்கோலின் பிரச்சினைக்குப் பெரும்பாலும் காரணம் இந்த மாறுபட்ட நொதிதான்: நொதி உண்டு, வேலைத்திறன் குறைவு.

கோவையில் கிடைத்தது வேறு வகை.

கோவையில் கண்டது

ஆரிய வைசியர்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். மேற்கு கோதாவரியின் பெனுகொண்டாவைத் தங்கள் பூர்விகமாகவும் வாசவி கன்னிகா பரமேஸ்வரியைக் குலதெய்வமாகவும் சொல்வார்கள். வணிகத்துக்காகப் பல தலைமுறைக்கு முன்பே கொங்குப் பட்டணங்களுக்கு வந்து, மளிகை, ஜவுளி, தங்கம் என்று கடைவீதிகளில் வேரூன்றியவர்கள்.

கோவையில் உள்ள இந்தச் சமூகத்தாரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 24 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்த நொதியின் செயல்பாடு அறவே இல்லாதவர்கள் இருந்தார்கள். இப்படி முழுசாக இல்லாத நிலையை ஆய்வாளர்கள் "மௌன வகை" என்கிறார்கள். ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடம் இது லட்சத்தில் ஒருவருக்குத்தான். ஒப்பிட்டால் சுமார் 4,000 மடங்கு. செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் "4,000 மடங்கு" இந்த ஒப்பீடுதான். மற்ற எல்லா இந்தியரைவிடவும் 4,000 மடங்கு என்றோ, ஆபத்து 4,000 மடங்கு என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது.

காரணமும் கிடைத்தது. இந்த நொதிக்கான மரபணு மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரே ஒரு எழுத்து, டி இருக்க வேண்டிய இடத்தில் சி. அதன் விளைவாக 574 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் 307-ஆவது இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. (புதிய எண்ணிடும் முறையில், கத்தரிக்கப்படும் முன்பகுதியையும் சேர்த்து எண்ணுவதால், மரபணுச் சோதனைச் சீட்டில் இதே இடம் 335 என்று வரும். இரண்டும் ஒன்றுதான்.) புரோலின் விறைப்பான அமினோ அமிலம். அது தவறான இடத்தில் வந்தால் சங்கிலி சரியாக மடிவதில்லை. நிலையில்லாத அந்தப் புரதத்தால் இரத்தத்தில் வேலை எதுவும் நடப்பதில்லை.

பரிசோதனைக்கு இதனால் ஒரு விளைவு உண்டு. காலோவின் டைபுகெயின் எண் இங்கே உதவாது. தடுப்பதற்கு நொதியே இல்லாதபோது எத்தனை சதவீதம் தடுக்கப்பட்டது என்று கேட்க முடியாது. இவர்களுக்குப் பார்க்க வேண்டியது நொதியின் மொத்த அளவு, தேவைப்பட்டால் மரபணுச் சோதனை.

"நாங்க சொந்தத்துல குடுக்கலீங்களே?"

இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான். மரபணு நோய் என்றதும் நம்ம பக்கம் முதலில் வரும் கேள்வி, "சொந்தமா?" என்பது. அத்தை பையன், மாமன் பொண்ணு, அக்கா மகள் என்று கட்டினால் ஆபத்து, அசலில் கட்டினால் ஆபத்தில்லை என்று கணக்கு முடிந்துவிடுகிறது. பாதிதான் சரி.

இந்தக் குறைபாடு வர, தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் கெட்ட பிரதி ஒவ்வொன்று வர வேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ளவர் கடத்தி. அவருக்கு ஸ்கோலின் போட்டால் சில நிமிடங்கள் கூடுதலாகும், பெரும்பாலும் அவ்வளவுதான். கடத்திகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு.

இப்போது எளிய கணக்கு.

1. 24-இல் ஒருவருக்கு இரண்டு பிரதியும் கெட்டது என்றால், சமூகத்தில் புழங்கும் பிரதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கெட்டது. கடத்திகள் சுமார் மூன்றில் ஒருவர்.

2. அந்தச் சமூகத்துக்குள்ளேயே, ஆனால் எந்த உறவும் இல்லாத ஒருவரை மணந்தால் குழந்தைக்கு வாய்ப்பு 24-இல் ஒன்று. அத்தை மாமன் பிள்ளைகள் மணந்தால் 19-இல் ஒன்று. அக்கா மகளை மணந்தால் 16-இல் ஒன்று. கூடுகிறது, ஆனால் கொஞ்சம்தான்.

3. இதையே 40,000-இல் ஒருவருக்கு வரும் அரிய நோய்க்குப் போட்டுப் பார்ப்போம். அசலில் மணந்தால் 40,000-இல் ஒன்று. அத்தை மாமன் பிள்ளைகள் மணந்தால் சுமார் 3,000-இல் ஒன்று, அதாவது 13 மடங்கு. அக்கா மகள் என்றால் சுமார் 1,550-இல் ஒன்று.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் புரிந்துவிடும். எங்கும் அரிதான மரபணுவுக்கு, சொந்தத் திருமணம் ஆபத்தைப் பல மடங்கு ஏற்றுகிறது. ஒரு சமூகத்துக்குள் பரவிக் கிடக்கும் மரபணுவுக்கு, சொந்தமா அசலா என்பது அவ்வளவு பெரிய வித்தியாசம் செய்வதில்லை. சமூகத்துக்குள் கட்டுவதே போதும்.

ஒரு சமூகத்தில் மட்டும் இப்படிப் பரவுவது எப்படி? ஒரு பெரிய பண்ணையின் கம்பு விதையில் ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துப் புது ஊரில் விதைத்து, நூறு போகம் அதிலிருந்தே விதை எடுத்தால், அந்தக் கைப்பிடியில் தற்செயலாக இருந்த ஒரு குணம் காடு முழுக்க நிறைந்துவிடும். மனிதரில் இதை நிறுவனர் விளைவு என்பார்கள். இன்றைய ஆரிய வைசியர்கள் எல்லாரும், வெகுகாலம் முன்பு வாழ்ந்த சிறிய எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து வந்தவர்கள். ஐதராபாத்தின் செல்லுலர், மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோர் அமெரிக்காவின் டேவிட் ரைக் குழுவோடு 2009-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த நிகழ்வு நூறு தலைமுறைக்கும் முந்தையது என்றும், அதன்பின் வெளியிலிருந்து கலப்பு மிகக் குறைவு என்றும் காட்டியது. இன்று இச்சமூகத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துக்கு மேல். எண்ணிக்கை பெருகிவிட்டது, ஆனால் விதை அதே பழைய கைப்பிடிதான்.

கோத்திரம் பார்த்து மணப்பது ஆரிய வைசியரிடம் கண்டிப்பான வழக்கம். ஆனால் கோத்திரம் என்பது தந்தைவழியை மட்டும் எண்ணுகிறது. தாய்வழி, பாட்டிவழி வரும் பிரதிகளை அது தடுப்பதில்லை. கொங்கு வெள்ளாளரின் கூட்டம் என்ற குலப்பிரிவுக் கணக்கும் இதே மாதிரிதான். ஆந்தை கூட்டத்தார் ஆந்தை கூட்டத்தில் பெண் எடுக்க மாட்டார்கள், பங்காளி முறை. ஆனால் ஆந்தையும் பயிரனும் காடையும் தங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்துக்கொண்டிருந்தால், மொத்த மரபணுக் கிடங்கு ஒன்றுதான். கூட்ட விலக்கு நெருங்கிய தந்தைவழி உறவைத் தவிர்க்கிறது, நல்லதுதான். சாதி அளவில் பரவியுள்ள மரபணுவை அது ஒன்றும் செய்யாது.

பூச்சிமருந்தால் வரும் குழப்பம்

கொங்கு நாட்டு மருத்துவமனைகளில் இந்த நொதியின் பெயர் அதிகம் அடிபடுவது ஆபரேஷன் தியேட்டரில் இல்லை, அவசர சிகிச்சைப் பிரிவில். பயிர்களுக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் பூச்சிமருந்துகள், நரம்பு முனை நொதியையும் இரத்தத்தில் உள்ள இந்த நொதியையும் சேர்த்தே முடக்கும். யாராவது மருந்து குடித்துவிட்டார் என்று கொண்டுவந்தால் உடனே சூடோகோலினெஸ்டரேஸ் அளவு பார்ப்பார்கள். அளவு விழுந்திருந்தால் விஷம் என்பதற்கு அது ஆதாரம்.

இப்போது பிறவியிலேயே இந்த நொதி இல்லாத ஒரு பெண், வேறு ஏதோ காரணத்தால் வாந்தி எடுத்து மயங்கி விழுந்து, அவசரப் பிரிவுக்கு வருகிறார் என்று வையுங்கள். அளவு பார்த்தால் பூஜ்யத்துக்குப் பக்கம். வீட்டில் "எதையாவது குடிச்சயா?" என்று கேட்பார்கள். தேவையில்லாத அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி, ஐசியூ, போலீஸ் கேஸ் என்று விஷயம் வேறு பக்கம் போய்விடலாம். ஒரு குடும்பத்தில் அந்தச் சந்தேகம் விழுந்தால் சுலபத்தில் போகாது. அதனால்தான் இதை விவரமாகச் சொல்கிறேன்.

வேறுபடுத்த வழி உண்டு. உண்மையான விஷத்தில் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், நாடி மெதுவாகும், நெஞ்சில் சளி கட்டும். பிறவிக் குறைபாட்டில் இவை இருக்காது. இரத்தச் சிவப்பணுவில் இருக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸை அளந்தால் பிறவிக் குறைபாட்டில் அது இயல்பாக இருக்கும், விஷத்தில் குறையும். விஷத்தால் விழுந்த அளவு சில வாரங்களில் ஏறிவிடும், பிறவியில் இல்லாதது ஒருபோதும் ஏறாது.

எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். "இவருக்குப் பிறவியிலேயே இல்லை" என்று தெரிந்த ஒருவர் நிஜமாகவே விஷம் பட்டு வந்தால், அளவைக் காட்டி விஷம் இல்லை என்று சொல்லிவிடக்கூடாது. அவருக்குச் சிவப்பணுச் சோதனையும் உடம்பு காட்டும் அறிகுறிகளும்தான் வழிகாட்டி. அப்புறம், இரத்தத்தில் உள்ள இந்த நொதி பூச்சிமருந்தில் ஒரு பங்கைத் தானே பிடித்துக்கொண்டு நரம்பு முனைக்குப் போகாமல் காக்கிறது. அது இல்லாதவர்கள் மருந்து அடிக்கும் வேலையைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

இந்த நொதியின் அளவு குறைய இன்னும் காரணங்கள் உண்டு: கல்லீரல் நோய், கர்ப்ப காலம், கடுமையான சத்துக்குறைவு, பெரிய தீக்காயம். சீட்டில் அளவு குறைந்திருப்பதால் மட்டும் மரபணுக் குறைபாடு என்று முடிவு கட்ட வேண்டாம்.

செய்ய வேண்டியவை

1. ஆபரேஷன் எதையும் இதனால் தள்ளிப்போட வேண்டாம். ஸ்கோலினுக்கு மாற்று இருக்கிறது. ரோக்குரோனியம், வெக்குரோனியம், அட்ராகுரியம் போன்ற தசைத் தளர்த்திகள் இந்த நொதியை நம்பி இல்லை. முதுகில் போடும் ஊசியில் வழக்கமாகப் பயன்படும் புபிவகெயினும் அப்படித்தான்.

2. மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும்போது சமூகத்தைச் சொல்லத் தயங்க வேண்டாம். இது சாதி விசாரணை இல்லை, மருந்துத் தேர்வுக்கான தகவல். வீட்டில் பெரியவர்கள் யாராவது "ஊசி போட்டுட்டு எந்திரிக்க ராத்திரி ஆயிருச்சு" என்று பழைய கதை சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்தச் சாதியாக இருந்தாலும் அந்த ஒரு வரி பெரிய தடயம்.

3. நேரம் இருக்கும்போதே சீரம் சூடோகோலினெஸ்டரேஸ் சோதனை செய்துகொள்ளுங்கள். சாதாரண இரத்தச் சோதனைதான். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போது பார்த்தால் முடிவு தெளிவாக இருக்கும். இரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றிய உடனே பார்க்க வேண்டாம், கொடுத்தவரின் நொதி சில வாரம் உடம்பில் இருந்து பொய்யான அளவைக் காட்டும்.

4. இல்லை என்று உறுதியானால் ஓர் அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். "பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் குறைபாடு, சக்சினைல்கோலின், மிவாக்குரியம் கூடாது" என்ற ஒரு வரியை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விபத்தில் நினைவில்லாமல் வேறு ஊரில் சேர்க்கப்பட்டால் உங்களுக்காகப் பேசப் போவது அந்த அட்டைதான்.

5. உடன்பிறந்தவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் இருவரும் கடத்திகளாக இருந்தால், அவர்களுக்கும் ஆளுக்கு நாலில் ஒரு வாய்ப்பு.

6. ஆஸ்துமாவுக்குப் பாம்புடெரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதை வேலை செய்யும் மருந்தாக மாற்றுவதே இந்த நொதிதான். நொதி இல்லாவிட்டால் மாத்திரை போதிய பலன் தராது.

ஸ்கோலினை ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். அவசரமாகக் குழாய் போட வேண்டிய நிலையில், உதாரணமாக வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கு அவசர ஆபரேஷன் என்றால், இவ்வளவு வேகமாக வேலை செய்து இவ்வளவு சீக்கிரம் தீரும் மருந்து வேறில்லை. ரோக்குரோனியத்தை அதிக அளவில் போட்டு, சுகமாடெக்ஸ் கொடுத்து உடனே முறிக்கலாம்தான். ஆனால் சுகமாடெக்ஸ் விலை அதிகம், தாலுகா ஊர்களின் சிறிய மருத்துவமனைகளில் எப்போதும் கையிருப்பில் இருக்கும் மருந்து இல்லை. மற்றவர்களுக்கு ஸ்கோலின் உயிர் காக்கும் மருந்து. யாருக்குக் கூடாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் சரியான வழி.

பெண் பார்க்கும்போது இதைப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தலசீமியா போன்ற நோயில், கடத்திகள் இருவர் மணந்தால் குழந்தை வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். அங்கே முன்கூட்டியே சோதித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. இங்கே குழந்தை முழு ஆரோக்கியத்தோடு பிறந்து வளரும், சில மருந்துகளில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். மூன்றில் ஒருவர் கடத்தியாக இருக்கும் சமூகத்தில் இதை வைத்துச் சம்பந்தத்தை முறித்தால், ஒரு நன்மையும் இல்லாமல் பிள்ளைகளின் வாழ்க்கைதான் கெடும். ஜாதகக் கட்டத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

மற்றவர்களுக்கு இதில் என்ன?

"நல்லவேளை, நமக்கில்லை" என்று மற்ற சாதியார் நினைக்க இடமில்லை. 2017-இல் தெற்காசியாவின் 263 சமூகங்களை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, அவற்றில் 81 சமூகங்களில் பின்லாந்து மக்களையும் ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்களையும்விட வலுவான நிறுவனர் விளைவு இருப்பதைக் கண்டது. அந்த இரண்டு மக்களும் மரபணு மருத்துவத்தின் பாடப்புத்தக உதாரணங்கள். 81-இல் 14 சமூகங்களின் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டும். பின்லாந்திலும் யூதர்களிடமும் எந்த மரபணு எந்த நோயைத் தருகிறது என்று பல ஆண்டுகளாகத் தேடிப் பட்டியல் போட்டு, அதற்கேற்பச் சோதனைகளும் வந்துவிட்டன. இங்கே பெரும்பாலான சமூகங்களுக்கு அந்தப் பட்டியலே இன்னும் போடப்படவில்லை.

போட்ட இடங்களில் கிடைத்திருக்கிறது. கராட் ஆராய்ந்த அதே அல்காப்டோனூரியா, தமிழ்நாட்டின் நரிக்குறவர் சமூகத்தில் அதிகமாக இருப்பதும், அதற்கு அவர்களிடையே பரவிய ஒரே மரபணு மாற்றம் காரணம் என்பதும் 2014-இல் வெளியானது. நம்ம எல்லையை ஒட்டிய நீலகிரியில், பழங்குடி மக்களிடம் அரிவாளணுப் பண்பு (சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் மரபணுக் கோளாறின் ஒரு பிரதி) இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே கண்டார்கள். இந்தியாவில் அரிவாளணு பற்றிய முதல் கண்டுபிடிப்புகளில் அது ஒன்று.

கோவையில் செய்ததை மற்றச் சமூகங்களிலும் செய்வதற்குப் பெரிய இயந்திரங்களுக்கு முன்னால் வேண்டியது, மக்கள் மறைக்காமல் சொல்லும் குடும்ப விவரம். ஒரே மாதிரி நோயால் இரண்டு குழந்தைகளை இழந்த வீடுகள் நம்ம ஊர்களில் உண்டு. "தெய்வக் குத்தம்" என்று அங்கேயே பேச்சு நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட வீட்டார் மரபணு ஆலோசகரிடம் போகும்போது, "சொந்தத்தில் கட்டவில்லை" என்ற ஒரு பதிலோடு நிறுத்த வேண்டாம். இரு பக்கத்துப் பாட்டி தாத்தாக்களின் பூர்விக ஊர், சமூகம், கூட்டமோ கோத்திரமோ, சிறுவயதில் இறந்தவர்கள், அப்போது அவர்களுக்கு இருந்த அறிகுறிகள் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகலாம்.